பாரம் இறக்கும் இடம்

அத்தியாயம் 9

ஓர் ஆத்துமாவின் விலை நாலாயிரத்து எண்ணூறு. போக்குவரத்துச் செலவு தனி.

இது சபைக் கமிட்டியின் செயலர் போட்ட கணக்கு. சென்ற ஆண்டு ஊழியத்துக்குச் செலவான மொத்தத் தொகையை எடுத்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களின் எண்ணிக்கையால் வகுத்தார். விலை வந்துவிட்டது. தலைக்கு இவ்வளவு என்று தெரிந்தால், எந்த இடத்தில் மலிவு, எந்த இடத்தில் கிராக்கி என்று பார்த்துச் செலவழிக்கலாம் அல்லவா? அப்படியே இடம் இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், சந்தைத் தெருத் தராசுக் கடை என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார். அங்கே செலவு இருந்தது. வகுப்பதற்கு ஆள் இல்லை.

அதனால் இன்று நேரிலேயே வருகிறார். காலி வேன் ஒன்றும் கூட வருகிறது.

வேன் எதற்கு என்று கடையில் இருந்த அண்ணன், அண்ணி, தம்பி மூன்று பேருக்கும் தெரியும். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய மேடைத் தராசு கமிட்டியின் சொத்து. 'கடை நடத்தியே ஊழியம் செய்கிறோம், ஒரு வருஷம் பொறுங்கள்' என்று தம்பி கெஞ்சி வாங்கி வந்தது. அந்த வருஷம் இன்றோடு சரி. செயலருக்குத் திருப்தி இல்லை என்றால் தராசு வேனில் ஏறும். தராசு போனால் கடை போகும். கடை போனால், தராசுக் கம்பெனியில் பார்த்த நல்ல வேலையை உதறிவிட்டு வந்த அண்ணன் எந்த முகத்தோடு திரும்பிப் போய் நிற்பது?

யோசனை என்னவோ தம்பியுடையது. வேதாகமக் கல்லூரியில் படித்தவன். இந்தச் சந்தையில் பிரசங்கம் எடுபடாது, சரியான தராசு ஒன்றே போதும், அதுவே பிரசங்கம் செய்யும் என்றான். அண்ணனுக்குப் பேச்சு வராது, தராசு வரும், சரி என்றார். அண்ணி மட்டும்தான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள்.

"தம்பி, நீங்க திருடன்கிட்டயே போய்க் காவலுக்கு நாய்க்குட்டி விக்கப் பார்க்கிறீங்க" என்றாள் அன்றைக்கே. சொல்லிவிட்டு, தன் தையல் மெஷினை விற்றுக் கடைக்கு அட்வான்ஸும் கொடுத்தாள். அவள் அப்படித்தான். நஷ்டம் என்று தெரிந்த சரக்கையும் மனசுக்குப் பிடித்துவிட்டால் வாங்கிவிடுவாள்.

அவள் சொன்னதுபோலவே வருஷம் முழுக்க ஒரு வியாபாரி கூடத் தராசு வாங்கவும் வரவில்லை, ரிப்பேருக்கும் வரவில்லை. கடைசி முயற்சியாகத் தம்பி வாசலில் ஒரு பலகை மாட்டினான். நீல எழுத்தில், கொட்டை கொட்டையாக: 'உங்கள் பாரத்தை இங்கே இறக்கி வைக்கலாம்.'

சபையில் பாரம் என்றால் மனசில் கிடக்கிற சுமை. எல்லாருக்கும் தெரியும். சந்தையில் பாரம் என்றால் மூட்டை. இதுவும் எல்லாருக்கும் தெரியும், தம்பியைத் தவிர.

போன வாரம் நாம் விட்டுவிட்டுப் போனபோது உருளைக்கிழங்கு லாரி வாசலில் நின்றிருந்தது. முதல் மூட்டை சுமைகூலி மேஸ்திரியின் முதுகில் இருந்தது. பாவம், ஒரு வாரமாகச் சுமந்துகொண்டே நிற்கிறார். முதலில் அதை இறக்கிவிடுவோம்.

தொப்!

மூட்டை நேராக மேடைத் தராசின்மேல் விழுந்தது. வாசலில் வேறு இடமே இல்லை.

"மேஸ்திரி அண்ணே, அது அந்தப் பாரம் இல்ல!" என்று ஓடி வந்தான் தம்பி.

"வேற எந்தப் பாரம் தம்பி?"

"மனசுல இருக்கிற பாரம்."

"அதை எப்படிப்பா இறக்குறது? இது முதுகுல இருந்துச்சு, இறக்கிட்டேன்." துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார் மேஸ்திரி. "மண்டி இன்னும் திறக்கல. மழை வேற தூறுது. நீங்கதான் இறக்கி வைக்கலாம்னு போர்டு போட்டிருக்கீங்க. இப்ப மாத்திப் பேசினா எப்படி? வாடகை கீடகை கேக்கப் போறீங்களா?"

தம்பி வாயைத் திறந்தான். அண்ணி முந்திக்கொண்டாள்.

"வாடகை எல்லாம் வேணாம்ணே. நனையறதுக்குள்ள இறக்குங்க."

"அண்ணி, இன்னைக்கு செயலர் வர்றார். கடை முழுக்கக் கிழங்கு மூட்டையா கிடந்தா..."

"வருஷம் பூரா காலியா கிடந்ததைப் பார்த்து மட்டும் சந்தோஷமா பட்டாரு? நகருங்க தம்பி, வழியில நிக்காதீங்க."

உள்ளே ஸ்பிரிங் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்தார். தராசின் முள் ஆடி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"அறுபது."

"என்னது அறுபது?" என்றார் மேஸ்திரி.

"மூட்டை."

"போங்க சார்! இதே மூட்டை மண்டியில நாப்பத்தஞ்சைத் தாண்டினதே இல்ல."

அண்ணன் அடுத்த மூட்டையைக் காட்டினார். இறக்கினார்கள். அறுபத்தொன்று. அடுத்தது ஐம்பத்தொன்பது.

மண்டி என்று மேஸ்திரி சொன்னது முக்காலின் மண்டியை. சந்தையிலேயே பெரியது, கிழங்கிலிருந்து சர்க்கரைவரை எல்லாம் கிடைக்கும். பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயர்தான் வைத்திருப்பார்கள். சந்தை அதை மறந்துவிட்டது. அவர் கடையில் எல்லாமே முக்கால். கிலோ முக்கால், கூலி முக்கால், சிரிக்கும்போது உதடு கூட முக்கால்தான் விரியும். சரக்கு வாங்க ஒரு தராசு, விற்க ஒரு தராசு என்று இரண்டு வைத்திருந்தார். வாங்குகிற தராசு குறைத்துக் காட்டும். விற்கிற தராசு கூட்டிக் காட்டும். சுமை தூக்குகிறவர்களுக்குக் கூலி எடைக்கணக்கில். அந்த எடை வாங்குகிற தராசின் எடை.

மேஸ்திரி மூன்று மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப மூட்டைக்குப் பதினஞ்சு கிலோ... அதை யாரு தூக்கினது?"

"நீங்கதான்" என்றாள் அண்ணி.

"அதுக்குண்டான கூலி?"

"அதை முக்கால் தூக்கிட்டாரு."

லாரிமேல் நின்றிருந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் தன் தோளைத் தடவிக்கொண்டான். வருஷக்கணக்கில் தோளுக்குத் தெரிந்திருந்த விஷயத்துக்கு இன்றைக்குத்தான் ஒரு முள் சாட்சி சொன்னது.

"எல்லா மூட்டையும் இதுல வெச்சு இறக்குங்கடா" என்றார் மேஸ்திரி. குரல் மாறியிருந்தது. "அக்கா, ஒவ்வொண்ணுக்கும் சீட்டு எழுதிக் குடுங்க. எடைக்கூலி எவ்வளவு?"

"இன்னைக்கு இலவசம்."

தம்பி பூரித்துப்போனான். அண்ணி குரலைத் தாழ்த்தாமலே தொடர்ந்தாள்: "இன்னைக்கு மட்டும்தான்."

*

சரக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு முக்காலே வந்துவிட்டார். குடையை மடக்கினார். கடைக்குள் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தார். சீட்டு எழுதிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"என்ன தங்கச்சி, என் சரக்கு உங்க வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கு?"

"வந்த விருந்தாளியை நிறுத்துப் பார்த்தோம்ணே. உங்க வீட்ல சரியா சாப்பாடு போடலபோல, அங்க ரொம்ப இளைச்சிடுதாம்."

முக்கால் சிரித்தார், முக்கால்வாசி. "உள்ள போய்ப் பேசலாமா?"

உள்ளறையில் ஸ்பிரிங்கும் திருகாணியும் பரப்பிய மேஜை. ஒரே நாற்காலி. முக்கால் உட்கார்ந்தார், அண்ணனும் அண்ணியும் நின்றார்கள்.

"சார், நீங்க கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டேன். இந்தச் சந்தையில நாப்பது கடை. நாப்பது தராசு. நான் ஒரு வார்த்தை சொன்னா நாளையிலேருந்து அத்தனையும் உங்க கைக்கு வரும், ரிப்பேருக்கு. வருஷ ஒப்பந்தம். மத்தியானம் உங்க கமிட்டிக்காரர் வர்றாராமே? நானே அவர்கிட்ட சொல்றேன், தங்கமான கடைன்னு."

"பதிலுக்கு?" என்றாள் அண்ணி.

"வாசல்ல நிக்கிற தராசு. முள்ளுக்கு அடியில ஒரு திருகாணி இருக்குமே. ஒரு சுத்து. சின்ன சுத்து."

அண்ணி மனசில் கூட்டிப்பார்த்தாள். வேண்டாம் என்று நினைப்பதற்குள் கூட்டி முடித்துவிட்டாள். பிறந்த வீட்டுப் பழக்கம். நாற்பது தராசு, வருஷ ஒப்பந்தம். வேன் வந்த வழியே காலியாகப் போகும். தன் கணவர் யார் வாசலிலும் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை. ஒரு சுற்றுக்கு இது நல்ல விலை. சந்தையில் இதைவிட நல்ல விலை யாரும் தரப்போவதில்லை.

கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணன் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"திருகாணி இருக்கு சார்" என்றார். "கை வராது."

முக்கால் காத்திருந்தார். அண்ணன் ஸ்பிரிங்கை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். முடிந்துவிட்டது என்று தெரிய முக்காலுக்குச் சற்று நேரமாயிற்று. அண்ணிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்த ஆளை வைத்துக்கொண்டு பணக்காரி ஆக முடியாது. பரவாயில்லை.

*

முக்கால் வாசலுக்கு வந்து தெருவுக்கே கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"என் தராசு தப்புன்னு சொல்றீங்களே, உங்க தராசு சரின்னு யாரு சொன்னது? போர்டு மாட்டிட்டா யோக்கியனா?"

அண்ணன் முத்திரை போட்ட எடைக்கற்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்தார். முள் சொன்ன இடத்தில் நின்றது. "கல்லும் உங்களது, தராசும் உங்களது!" என்றார் முக்கால்.

மேஸ்திரி முன்னால் வந்தார். "நீங்களே ஏறி நில்லுங்களேன் ஐயா. நீங்க அவங்களது இல்லயே."

கூட்டம் சேர்ந்துவிட்டது. சந்தையில் வேடிக்கைக்கு எப்போதும் விலை கிடையாது. முக்கால் செருப்பைக் கழற்றினார். "ஏறுறேன்யா! போன வாரம் ஆஸ்பத்திரியில என் எடை எண்பத்தெட்டு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். இந்த டப்பா என்ன காட்டுதுன்னு எல்லாரும் நல்லாப் பாருங்க!"

எல்லாரும் நல்லாப் பார்த்தார்கள்.

முள் ஆடியது. நின்றது.

"எண்பத்தெட்டு!" என்று பத்துப் பேர் ஒரே குரலில் படித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து யாரோ: "ஐயாவை அவர் மண்டித் தராசுலயும் ஒருதரம் ஏத்துங்கப்பா!"

"ஐயோ வேணாம், அங்க ஏறினா இளைச்சுப் போயிடுவாரு!"

"இவ்வளவு நாள் கழிச்சு இன்னைக்குத்தான்யா முக்கால் முழுசாயிட்டாரு!"

தெரு வெடித்தது. கறிகாய்க்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். லாரி டிரைவர் ஹாரனில் தாளம் போட்டான். முக்கால் தராசிலிருந்து இறங்க ஒரு காலை எடுத்தார், முள் ஆடியது, "பாதி! பாதி!" என்று கத்தினார்கள்.

இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் வேன் வந்து நின்றது.

செயலர் இறங்கினார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கமிட்டி படிவம். கிழங்கு மூட்டைகளையும் கூட்டத்தையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஸ்தோத்திரம். இது ஊழியமா, கூத்தா? தம்பி, ஒரு வருஷம் ஆச்சு. கனி எங்கே?"

சபையில் கனி என்றால் ஊழியத்தின் பலன். லாரிமேல் இருந்தவன் இரக்கத்தோடு வழி சொன்னான்: "பழ மண்டி பின்பக்கத் தெரு சார். இங்க கிழங்குதான்."

தம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. செயலருக்கு இரண்டும் வரவில்லை. வேன் டிரைவர் பக்கம் திரும்பினார். "பின்கதவைத் திறந்து வை. அந்தச் சர்க்கரை மூட்டையை ஓரமாத் தள்ளு. தராசு ஏத்த இடம் வேணும்."

"என்ன சர்க்கரை சார்?" என்றாள் அண்ணி. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நம்ம பிள்ளைகள் இல்லத்துக்கு. மாசாமாசம் வாங்குறதுதான். வர்ற வழியில ஐயா மண்டியில இப்பத்தான் வாங்கி ஏத்திட்டு வந்தோம்." முக்காலைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். "நம்பிக்கையான இடம்."

முக்கால் குடையைத் தேடினார்.

"எத்தனை கிலோ சார்?"

"ஐம்பது."

"தராசைக் கொண்டுபோறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு கடைசி வேலை குடுப்போமே" என்றாள் அண்ணி. "மேஸ்திரி அண்ணே, சார் மூட்டையைக் கொஞ்சம் இறக்குங்க. போர்டு போட்டிருக்கோம்ல."

சர்க்கரை மூட்டை தராசில் ஏறியது. செயலரே குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"முப்பத்தெட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. இது கிழங்கு இல்லை. பிள்ளைகளின் தம்ளருக்குப் போகிற சர்க்கரை.

"பத்து வருஷமா..." என்றார் செயலர். "பத்து வருஷமா, சர்க்கரை சீக்கிரம் தீருதுன்னு சமையல்கார அம்மாவை நான் திட்டிட்டு இருந்தேனே!" வகுத்து வகுத்துப் பழகிய மனிதர். அந்த வருஷங்களை மனசுக்குள் பெருக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கழுத்து சிவந்தது. "ஐயா, இது என்ன?"

"பையன்... கடைப் பையன் தப்பா..." என்றார் முக்கால்.

"பையன் தப்பில்ல, தராசு தப்பு" என்றாள் அண்ணி. "ரிப்பேர் பண்ணிடலாம். வாங்க, இப்ப விலை பேசுவோம்."

சந்தை அன்று பார்த்த பேரத்தில் அதுதான் உயர்தரம். தெருமுனைவரை மூன்று லாரிகள் நின்றன. எடைச்சீட்டு இல்லாமல் ஒரு மூட்டையையும் தொடமாட்டோம் என்று மேஸ்திரியின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். மழை வலுத்தது. முக்காலின் மண்டியில் கிழங்கு இருக்கவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது.

"சரி, வர்ற சரக்கெல்லாம் இங்கேயே எடை போடுங்க. மூட்டைக்கு ரெண்டு தர்றேன்."

"நாலு."

"தங்கச்சி, ஜெபம் பண்றவங்க இப்படிப் பேரம் பேசலாமா? கருணை வேணாமா?"

"கருணை இலவசம்ணே. எடைக்குத்தான் நாலு."

"ரெண்டரை."

"மழை நனைக்க நனைக்கக் கிழங்கு முளைக்கும்ணே. அப்புறம் நீங்க தோட்டம்தான் போடணும்."

"மூணு! அதுக்குமேல பேசாதீங்க."

"மூணு. உங்க ரெண்டு தராசும் நாளைக்குக் காலையில இங்க வரணும். சார் மூட்டையில குறைஞ்சது இப்பவே வரணும். ஆளுங்களுக்கு முழு எடைக்குக் கூலி."

முக்கால் மூச்சு விட்டார். "தராசு ரிப்பேருக்கு எவ்வளவு?"

அண்ணி யோசித்தாள். முதன்முறையாக முகம் மலர்ந்தது.

"உங்க பேருக்காக, முக்கால் விலை."

முக்கால் அவளையே பார்த்தார். பிறகு, சந்தை அதுவரை பார்த்திராத ஒன்று நடந்தது. அவர் உதடு முழுசாக விரிந்தது. "பொறந்த வீடு எது தங்கச்சி?" என்று கேட்டார், தோற்ற வியாபாரி ஜெயித்த வியாபாரியைக் கேட்கிற மரியாதையோடு.

வேன் டிரைவர் செயலரின் அருகில் வந்தார். "சார், தராசை ஏத்தவா?"

"சர்க்கரையை ஏத்துய்யா!" என்றார் செயலர்.

*

மாலைக்குள் லாரிகள் போய்விட்டன. தெருவில் சேறும் சாக்குத் துணுக்குகளும். செயலர் கடையில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"ஆத்துமா எண்ணிக்கை" என்று படித்தார். "இதுல ஏதாவது எழுதியாகணுமே தம்பி."

தம்பி தலையைச் சொறிந்தான்.

மேஸ்திரி வாசலில் நின்றார். கூலியைக் கணக்குப் பார்த்து ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தலையில் ஈரச் சாக்கு.

"தம்பி, காலையில ஏதோ சொன்னீங்களே. இது அந்தப் பாரம் இல்லேன்னு."

"ஆமாண்ணே."

"அந்தப் பாரம் என்கிட்டயும் ஒண்ணு இருக்கு." தராசின் விளிம்பைக் காலால் மெல்லத் தட்டினார். "ரொம்ப வருஷமா. எங்கயும் இறக்கினதில்ல. அதுக்கு எப்ப வரணும்?"

இப்படி ஒருவர் கேட்பார் என்று வருஷம் முழுக்கத் தம்பி பதில் தயாரித்து வைத்திருந்தான். மூன்று பகுதி, முடிவில் ஜெபம். அதில் ஒரு வரிகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. முக்கால் உட்கார்ந்துபோன நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உட்காருங்கண்ணே."

"இன்னைக்கு வேணாம். மேலெல்லாம் சேறு. நாளைக்குக் குளிச்சிட்டு வர்றேன்." படி இறங்கியவர் திரும்பினார். "அதுக்கு எடைக்கூலி உண்டா?"

"அதுக்கு இல்லைண்ணே."

"நாளைக்கும் இலவசம்தானே? அக்கா 'இன்னைக்கு மட்டும்'னு சொல்லிடப்போறாங்க."

அண்ணி எடைச்சீட்டுக் கட்டைத் தள்ளி வைத்தாள். "எப்பவும்ணே" என்றாள்.

அவர் போனதும் தம்பி படிவத்தை இழுத்து, காலிக் கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதினான்.

"அடிங்க அதை" என்றாள் அண்ணி.

"அண்ணி!"

"இன்னும் தராசுல ஏறவே இல்ல, அதுக்குள்ள சீட்டு எழுதுறீங்க. காலையிலேருந்து அதைத்தானே தப்புன்னு சொல்லிட்டு இருக்கோம்? அடிங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அண்ணன் விளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினார். செயலர் குறுக்கே பேசவில்லை. எதையும் வகுக்கவும் இல்லை. அண்ணி சொல்லச் சொல்லத் தம்பி எழுதினான்:

இறக்கிய மூட்டை: நூற்றுப் பத்து.

எடை போட்டது: அத்தனையும்.

ரிப்பேருக்கு வருகிற தராசு: இரண்டு.

குறைந்த சர்க்கரை: திரும்ப வந்தது, கணக்கு நேர்.

வரவேண்டிய பாக்கி: பாரம், ஒன்று.